பேஸ் கிற்றாரும் பல்விளைவுப் பெட்டியும்

மேல்நாட்டு முறையில் அமைந்த இசைக்குழுவிலே பேஸ் கிற்றார் பெறும் இடம், நம்மவர் கச்சேரியில் தம்புராவின் மந்தர சட்ஜமமும் மிருதங்கத்தின் தொப்பியும் சேர்ந்து பெறும் இடத்தை ஒருவாறு ஒக்கும். அஃது ஒலிக்கும்போது அதனைத் தனியே குறித்துப் பேசுவார் சிலரே. அது நின்றுவிட்டாலோ, வீட்டின் அத்திவாரம் பெயர்ந்தாற்போன்ற ஓர் உணர்வு அவையிலுள்ளோர் எல்லோர்க்கும் உண்டாகும். இவ்வாத்தியத்தை வாசிக்கும் மாணவனின் காலடியிலே இக்காலத்தில் ஒரு சிறு பெட்டியையும் காண்கின்றோம். முன்னர்ப் பத்துப் பன்னிரண்டு தனித்தனிப் பெடல்களாற் பெறப்பட்ட ஒலிமாற்றங்களையெல்லாம் ஒரு கூட்டினுள் அடக்கிய அதனைப் பல்விளைவுப் பெடல் என்பர். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் தாம் பயின்ற கல்லூரியின் இசைக்குழுவுக்கு ஏதேனும் அனுப்ப எண்ணும்போது முதலில் நினைவுக்கு வரும் பொருள்களுள் இதுவும் ஒன்றாதலின், அதனைப் பயன்கொள்ளும் வகையை இம்மலரிலே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பெட்டி கைக்கு வந்த பின்னர்ப் பெரும்பாலும் நிகழ்வது இது. மாணவன் தன் அறையில் இருந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, குமிழ்களைத் திருப்பித் திருப்பி ஓர் அழகிய ஒலியை ஆக்கிக்கொள்கின்றான். ஆழமும் பளபளப்பும் எதிரொலியும் நிறைந்த அவ்வொலியைக் கேட்டுத் தானே மகிழ்கின்றான். ஆனால் டிரம்மும் கீபோட்டும் வேறு கிற்றார்களும் பாடகரும் சூழ மேடையில் நின்று அதே அமைப்பை மிதித்தவுடன், ஒன்றில் அவ்வொலி இருந்த இடம் தெரியாமற் கரைந்துபோகின்றது. அன்றேல் மண்டபமெங்கும் குமுறிப் பாட்டை விழுங்குகின்றது. பெட்டி பழுதென்பர் சிலர். பையனுக்கு வாசிக்கத் தெரியாது என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையல்ல. தனியே இருந்து கேட்டுச் செய்த ஒலி கூட்டத்தின் நடுவே நில்லாது என்பதே உண்மையாகும். ஏன் நில்லாது என்பதை அறிந்துகொண்டவனுக்கே இப்பெட்டி வேலைக்காரனாகும்; அறியாதவனுக்கு அது எசமானன்.

நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் அடித்தந்தி செக்கனுக்கு 41.2 தடவை அதிர்கின்றது. அடுத்த தந்திகளின் மீடிறன் முறையே 55, 73.4, 98 ஆகும். சாதாரண கிற்றாரின் அடித்தந்தி இதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 82.4 இலேதான் தொடங்குகின்றது. இவ்வளவு தாழ்ந்த ஒலிகளை மனிதச் செவி எளிதிற் கேட்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை அளந்து காட்டிற்று. ஒலி மெதுவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்களைச் செவி மிகக் குறைத்தே உணர்கின்றது. ஒலி பெருகப் பெருக அக்குறை நீங்கிவருகின்றது. எனவே, வீட்டிலே அயலார்க்கு அஞ்சி மெதுவாக வாசிப்பவன், தன் காதுக்குப் போதாதென்று கீழ்ச்சுரத்தைக் கூட்டிவைக்கின்றான். மேடையில் அதே அமைப்பு உரத்து ஒலிக்கும்போது, முன்னர் மறைந்திருந்த கீழ்ச்சுரம் முழுவதும் வெளிப்பட்டுக் குமுறுகின்றது. இதில் மாயம் யாதுமில்லை. மேடைக்குரிய அமைப்பை மேடைக்குரிய ஒலியளவிலேதான் செய்தல் வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையெனின், வீட்டிற் செய்யும்போது கீழ்ச்சுரம் சற்றே குறைவுபோலத் தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நன்று.

இனிப் பெட்டியின் உள்ளே நடப்பதை நோக்குவோம். தந்தியின் அதிர்வு, கிற்றாரிற் பொருத்தியுள்ள காந்தச் சுருளிலே மிகச் சிறிய மின்னலையாக மாறிக் கேபிள் வழியே பெட்டியை அடைகின்றது. பெட்டி அவ்வலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக்குகின்றது. 44,100 என்பது பலவற்றில் வழங்கும் அளவு. அந்த எண்களின்மேற் கணிதஞ் செய்து, மீண்டும் மின்னலையாக்கி வெளியே விடுகின்றது. ஆகவே கொம்பிறெசர், டிஸ்ரோசன், கோறஸ், டிலே, றிவேப் முதலிய பெயர்களெல்லாம் ஒரே எண்ணலையின்மேற் செய்யப்படும் வெவ்வேறு கணக்குகளேயன்றி வேறல்ல. ஒரு கணக்கின் விடையே அடுத்த கணக்கின் வினாவாகின்றது; ஆதலின் எதன் பின் எது வருகின்றது என்பது பெரிதும் முக்கியமானது. சூம் நிறுவனத்தாரின் பி1 போர் என்னும் சிறிய பெட்டியில் ஒரே வேளையில் ஐந்து விளைவுகளை வரிசையாக வைக்கலாம். ஐந்து வைக்கலாம் என்பதற்காக ஐந்தும் வைக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. அடுக்களையிலுள்ள சரக்கையெல்லாம் ஒரே சட்டியிற் கொட்டுவார் எவருமிலர்.

வரிசையை அமைக்குமுன், பெட்டியிலிருந்து வெளியேறும் கேபிள் எங்கே செல்கின்றது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். பலரும் கருதாது விடும் இடம் இதுவேயாதலின் இங்குச் சற்றுத் தரித்துச் செல்வோம். இப்பெட்டிகளில் அம்பிளிபயரையும் ஸ்பீக்கர்ப் பெட்டியையும் போலி செய்யும் கணக்குகள் உள. 1969ஆம் ஆண்டில் அம்பெக் நிறுவனத்தார் வெளியிட்ட எஸ்.வி.ரி. என்னும் 300 வாற்று வால்வு அம்பிளிபயரின் ஒலியை, அதனைத் தூக்கிச் சுமக்கும் துன்பமின்றி ஒரு குமிழைத் திருப்பிப் பெறலாம் என்பது இவற்றின் சிறப்பு. பெட்டியை மண்டபத்தின் மிக்சருக்கு நேராகக் கொடுக்கும்போது இப்போலி மிகவும் வேண்டற்பாலது. உண்மையான பேஸ் அம்பிளிபயருக்குக் கொடுக்கும்போதோ அது இரட்டிப்பாகும்: ஸ்பீக்கர் ஒரு முறையும் அதன் போலி மற்றொரு முறையுமாக மேற்சுரங்களை வெட்டிவிட, ஒலி கம்பளியால் மூடியதுபோல் மங்கிவிடுகின்றது. அம்பிளிபயரோடு வாசிப்பவன் ஸ்பீக்கர்ப் போலியை அணைத்துவிடல் வேண்டும். பல பெட்டிகளில் இதற்கெனத் தனிச் சுவிச் ஒன்றோ, வெளியீட்டின் வகையைத் தெரிவிக்கும் பக்கமொன்றோ உண்டு.

மிக்சருக்குக் கொடுக்கும்போது சிலவேளை ஓர் இரைச்சல் எழும். நமது நாட்டின் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை மாறுவது. ஐம்பது என்னும் இவ்வெண், பேஸ் கிற்றாரின் அடித்தந்தியில் மூன்றாம் கட்டில் எழும் சுரத்தின் மீடிறனாகிய 49க்கு மிக அணித்து. எனவே அவ்விரைச்சல் நாம் வாசிக்கும் சுரங்களின் நடுவிலேயே வந்து அமர்ந்துகொள்கின்றது. அதனை வெட்டினால் சுரமும் உடன் வெட்டுப்படும். நொய்ஸ் கேற் என்னும் விளைவும் இதற்கு மருந்தாகாது. தந்தி ஓய்ந்திருக்கும்போது அஃது இரைச்சலை அடைக்கும். தந்தியை மீட்டியதும் கதவு திறந்து இரைச்சலும் கூடவே வரும். அம்பிளிபயரும் மிக்சரும் இரு வேறு வழிகளாற் புவித்தொடுப்புப் பெற்றிருப்பதே பெரும்பாலும் காரணம். டிஐ பெட்டியிலோ, பெரிய பெடல்களின் பின்புறத்திலோ உள்ள கிரவுண்ட் லிப்ற் என்னும் சுவிச்சைத் தள்ளினால் அது தீரும். இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கிலுள்ள புவிக்கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் சில மேடைகளில் உண்டு. அதனை ஒருபோதும் செய்தலாகாது. அம்பிளிபயரின் உள்ளே எங்கேனும் மின் கசிந்தால் கிற்றாரின் தந்திகளே உயிர்த்தந்திகளாகிவிடும். தந்தியில் விரலும் மைக்கில் உதடும் வைத்து நிற்பவனின் உடல்வழியே மின் பாயும். ஈர மண்ணில் அமைத்த திறந்தவெளி மேடையில் இவ்வபாயம் பன்மடங்காகும். இசைக்குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் வேறெதைப் பார்க்காவிடினும் இதனைப் பார்த்தல் கடன்.

விளைவுகளுள் பேஸ் கிற்றாருக்கு மிகவும் இன்றியமையாதது கொம்பிறெசர். அது செய்யும் வேலை அடக்கமானது. செய்வது தெரியாமற் செய்வதே அதன் பெருமை. பேஸ் கிற்றாரில் ஒரு தந்தி உரத்தும் மற்றொன்று மெலிந்தும் ஒலிப்பது இயல்பு. விரலின் வேகமும் ஒரே சீராக இராது. குறித்த ஓர் எல்லைக்கு மேலே எழும் ஒலியைக் கொம்பிறெசர் ஒரு விகிதப்படி அமுக்குகின்றது. விகிதம் நான்குக்கு ஒன்று என வைத்தால், எல்லைக்கு மேலே 12 டெசிபெல் எழுந்த ஒலி 3 டெசிபெல் மட்டுமே எழுந்ததாக வெளிவரும். தொடங்குபவனுக்கு நான்குக்கு ஒன்று என்னும் இவ்விகிதமே போதும். எல்லையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, உரத்து மீட்டும்போது ஏறக்குறைய 3 முதல் 6 டெசிபெல் வரை அமுக்கப்படும் இடத்தில் நிறுத்துக. அற்றாக் என்னும் குமிழ், அமுக்கத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் தாமதிப்பது என்பதைக் குறிக்கும். இதனை மிகக் குறைத்துவிட்டால், விரல் தந்தியைத் தொடும் அந்த முதற் கணத்தின் உயிர்ப்பு நசிந்துபோகும். 20, 30 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தால் தட்டு முழுமையாக வெளிவந்து, பின்வரும் நாதம் மட்டும் சீராகும். மிருதங்கக்காரர் தொப்பியில் அடித்தபின் உள்ளங்கையால் நாதத்தை ஆள்வதைக் கவனித்தவர்க்கு இது விளங்கக் கடினமன்று.

ஈகுவலைசரைப் பற்றி ஒன்று சொல்லுவோம்: கூட்டுமுன் குறைத்துப் பார்த்தல் வேண்டும். நான்கு தந்திகளையுடைய வாத்தியத்தில் 35 அதிர்வுக்குக் கீழே இசை யாதுமில்லை. மேடைப் பலகையின் நடுக்கமும் கை படும் ஓசையுமே உள. அவற்றை வெட்டிவிட்டால் ஸ்பீக்கருக்குச் சுமை குறையும். 60 முதல் 80 வரையுள்ள பகுதியில் பாரம் இருக்கின்றது. ஆனால் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் பெரும்பாலும் அங்கேயே குடியிருப்பது. இருவரும் ஒரே திண்ணையில் இருக்க முயன்றால் இருவருக்கும் இடமிராது. டிரம் தாழ்ந்து ஒலிப்பின் பேஸ் கிற்றாரை 100 அளவிற் சிறிது உயர்த்துக. டிரம் சற்று மேலே ஒலிப்பின் பேஸ் கிற்றார் கீழே இருக்கட்டும். 200 முதல் 400 வரையுள்ள பகுதி மிகுந்தால் மண்டபத்தில் குழப்பம் உண்டாகும். அதனைச் சிறிது குறைத்தலே பலவேளைகளிற் போதுமானது. கூட்டத்தில் பேஸ் கிற்றார் கேட்கவில்லை என்னும் குறைக்கு நம்மிற் பலர் கீழ்ச்சுரத்தைக் கூட்டுகின்றனர். உண்மையில் கூட்டவேண்டியது 700 முதல் 1000 வரையுள்ள நடுப்பகுதியாகும். தனியே கேட்கும்போது இவ்வொலி மூக்காற் பேசுவதுபோல அழகற்றுத் தோன்றும். குழுவின் நடுவிலோ அதுவே ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக எடுத்துச் சொல்லும்.

டிஸ்ரோசன், ஃபஸ் ஆகியன கிற்றார்க்காரருக்கே உரியவை என்று எண்ணுவார் பலர். இவ்வெண்ணத்தை வரலாறு மறுக்கின்றது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மாட்டி றொபின்ஸ் என்பவரின் பாட்டொன்றிலே கிறேடி மாட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ், நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுகூடத்தின் மிக்சரில் பழுதுற்ற ஒரு வழியினூடே சென்றமையால் கரகரத்த ஒலியோடு பதிவாயிற்று. பழுதென்று அதனை நீக்காமல் அவ்வாறே வெளியிட்டனர். பாட்டு வெற்றி பெற்றது. அங்குப் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் கிளென் சினொடி என்பவர் அப்பழுதை வேண்டியபோது உண்டாக்கும் திரான்சிற்றர்ச் சுற்றொன்றை வகுத்தார். அதுவே 1962இல் மாஸ்ரோ ஃபஸ்-ரோன் என்னும் பெயரோடு சந்தைக்கு வந்தது. உலகப் புகழ்பெற்ற ஃபஸ் ஒலியின் பிறப்பிடமே ஒரு பேஸ் வாத்தியம் என்பது நம் பேஸ் வாசிப்போர் மார்தட்டிக்கொள்ளத் தக்க செய்தி. 1965இல் பீற்றில்ஸ் குழுவினரின் றபர் சோல் என்னும் இசைத்தட்டிலே போல் மக்காட்னி ஃபஸ் இட்ட பேஸை வாசித்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

எனினும் இதில் ஒரு பொறி உண்டு. அலையின் தலையையும் அடியையும் தறித்து மேற்றொனிகளை உண்டாக்குவதே டிஸ்ரோசனின் வேலை. மேற்றொனிகள் மிகும்போது அடிப்படைத் தொனியின் பங்கு குறைந்து, பாட்டின் அத்திவாரம் மெலிகின்றது. ஆதலினாலேயே பேஸ் பெட்டிகளில் பிளென்ட், மிக்ஸ், டிறை என்னும் பெயர்களுள் ஒன்றோடு ஒரு குமிழை வைத்துள்ளனர். அது கலப்பற்ற தூய ஒலியையும் கரகரத்த ஒலியையும் வேண்டிய அளவிற் கலந்து தருவது. கிற்றாருக்கென்று செய்த பெட்டிகளிலே இது பெரும்பாலும் இராது. பேஸ் கிற்றாருக்கென்றே ஒரு பெட்டியை வாங்கவேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதிய காரணமாகும். தூய ஒலி பாதிக்குக் குறையாதபடி வைத்து, கரகரப்பைச் சிறிது சேர்த்தால் வேறொரு நன்மையும் விளையும். கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கர் 41 அதிர்வை எழுப்பவே மாட்டாது. ஆயினும் 82, 123, 164 என்று ஒழுங்காக வரும் மேற்றொனிகளைக் கேட்டவுடன், அவற்றுக்கெல்லாம் அடியாகிய 41ஐச் செவி தானே உய்த்துணர்கின்றது. கரகரப்பு இருக்கின்றதென்று கேட்போன் அறியாத அளவே இதற்குப் போதும்.

ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தை உண்டாக்கும் ஒக்ரேவர் என்பது விளையாட்டுக்கு இனியது. ஆனால் அதன் எல்லையை அறிதல் வேண்டும். அடித்தந்தியின் ஓர் அதிர்வு முடிய ஏறக்குறைய 24 மில்லிசெக்கன் செல்லும். ஓர் அதிர்வேனும் முடியுமுன் இன்ன சுரம் என்று கணக்கிடுவது பெட்டிக்கு அரிது. ஆகவே அது தடுமாறித் திக்கும். அன்றியும் 41.2இன் கீழ் ஸ்தாயி 20.6, அது மனிதச் செவியின் எல்லையாகிய 20ஐ ஒட்டியது. கேட்க இயலாத ஒன்றுக்காக ஸ்பீக்கரை வருத்துவதேன்? அடித்தந்தியிலிருந்து எண்ண மூன்றாவதாகும் தந்தியில் ஏழாம் கட்டை அடுத்து வாசித்தால், 110இன் கீழே 55 என்று தெளிவாகப் பேசும். ஒக்ரேவரும், மீட்டலின் வலிமைக்கேற்ப வாய் திறந்து மூடும் என்வலப் பில்ரரும் வரிசையில் கொம்பிறெசருக்கு முன்னே நிற்கவேண்டியவை. முன்னையது கலப்பற்ற சுரத்தைக் கேட்டே கணக்கிடுவது. பின்னையது விரலின் வன்மை மென்மைகளை அறிந்து இயங்குவது. கொம்பிறெசர் அவ்வேறுபாட்டை முதலிலேயே அழித்துவிட்டால் அதற்கு அறிய யாதுமிராது. எனவே என்வலப் பில்ரர் அல்லது ஒக்ரேவர், பின் கொம்பிறெசர், பின் டிஸ்ரோசன், பின் ஈகுவலைசர், இறுதியாக எதிரொலி வகைகள் என்பது நல்ல தொடக்க வரிசை. பழகியபின் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

கோறஸ், டிலே, றிவேப் என்பன பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. கோறஸ் சுருதியைச் சிறிது அசைப்பது. அசையும் அத்திவாரத்தின்மேல் யார் பாடுவார்? மெதுவான பாட்டில், உயர்ந்த சுரங்களில் மட்டும் அளவோடு அதனைக் கையாளலாம். டிலேயின் நேரம் பாட்டின் தாளத்தோடு இயைதல் வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு எனின் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெக்கன், அரைத் தட்டுக்கு 250. றிவேப்பைப் பொறுத்தவரை, சுவரும் கூரையும் தாமே எதிரொலிக்கும் கல்லூரி மண்டபத்தில் அது தேவையே இல்லை.

இவையனைத்தையும்விட விரலே முதன்மையானது என்பதற்கு ஜேம்ஸ் ஜேமர்சன் சான்று. 1960களில் டெற்றொயிற் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுக்களிலே, விளைவுப் பெட்டி எதுவுமின்றி, வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டி அவர் வாசித்தவற்றை இன்றும் உலகெங்கும் பயில்கின்றனர். இளையராஜாவின் திரையிசையிலே பேஸ் கிற்றார் இன்னொரு பாடகனைப்போல எதிர்மெட்டுப் பாடிச் செல்வதைக் கேட்டவர்க்கும் இது புலனாகும். ஆதலால் மாணவன் முதலிலே எல்லா விளைவுகளையும் அணைத்துவிட்டு, தூய ஒலியை நல்லதாக அமைத்துக்கொள்வானாக.

அதன்பின் மூன்றே மூன்று அமைப்புக்களைச் சேமித்து வைத்தல் சாலும். கொம்பிறெசரும் ஈகுவலைசரும் மட்டும் கொண்ட தூய ஒலி ஒன்று. சிறிது கரகரப்புக் கலந்த உரத்த பாட்டுக்குரியது ஒன்று. ஒரு பாட்டிலோ இடையிசையிலோ மட்டும் வரும் விசேட ஒலி ஒன்று. பெட்டியில் விற்பனையாளர் நிறைத்து அனுப்பும் அமைப்புக்கள், கடையிலே தனியே நின்று கேட்பவனை மயக்குவதற்கென்று செய்யப்பட்டவை; அவற்றைப் பாடமாகக் கொள்ளலாமேயன்றி மேடைக்குக் கொண்டுசெல்லலாகாது. மூன்று அமைப்புக்களின் உரப்பும் ஒத்திருக்கின்றதா என்பதைக் குழு முழுவதும் வாசித்துக்கொண்டிருக்கையில், ஒருவரை மண்டபத்தின் பின்வரிசையில் நிறுத்திக் கேட்பித்தே முடிவு செய்க. மேடையில் நிற்பவனின் காது இதற்கு உதவாது. தாழ்ந்த ஒலியின் அலை பல மீற்றர் நீளமுடையது. 41 அதிர்வின் அலைநீளம் எட்டு மீற்றருக்கும் அதிகம். சுவரில் மோதித் திரும்பும் அவ்வலை சில இடங்களிற் கூடியும் சில இடங்களிற் குறைந்தும் கேட்கும். முடிவான எண்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நலம். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க நேர்ந்தால், சேமித்தவற்றை முதலிற் கணினியிற் பிரதி செய்துகொள்ளல் வேண்டும். புதுப்பித்தலில் அவை அழிந்துபோதல் கூடும்.

அனுப்பும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பெட்டியோடு வரும் அடப்ரர் 230 வோல்ற்றை ஏற்பதா என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் பார்த்து அனுப்புக. வட அமெரிக்காவில் விற்கப்படுவன சில 120 வோல்ற்றுக்கு மட்டுமே உரியவை. பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ற்று நேரோட்டம். அவற்றின் செருகியில் நடுமுனை மறை முனையாகும். கீபோட்டின் அடப்ரரில் அது மாறியிருத்தல் கூடுமாதலின், செருகி பொருந்துகின்றதே என்று ஒன்றின் அடப்ரரை மற்றொன்றுக்கு மாணவர் மாட்டாதிருக்க, பெடலின் பெயரை ஒட்டி அனுப்புதல் நன்று. சிறிய பெட்டிகள் சில நான்கு ஏஏ பற்றரிகளாலும் இயங்கும். மின்சாரம் நிச்சயமில்லாத மேடைக்கு அவை உகந்தவை. ஆறு மீற்றர் நீளமான நல்ல கேபிள்கள் இரண்டையும் கூடவே வைத்து அனுப்பினால், பெட்டி வந்து சேர்ந்த அன்றே அதனை வாசித்துப் பார்க்கலாம்.